சரக்கொன்றைக் கன்று ஒரு பக்கமாகக் காய்கிறது, காப்பாற்ற வழி உண்டா?

கொன்றைவீதி (மடிப்பாக்கம், சென்னை)

வணக்கம். எங்கள் தெருவில் குடியிருப்போர் எல்லாம் சேர்ந்து வைத்த சரக்கொன்றை இது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, போன கோடையில் முதல் முறையாக இரண்டு சரம் பூத்தது. டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பகுதியில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வடிந்த பிறகு மரம் நன்றாகத்தான் இருந்தது. பொங்கல் சமயத்தில் கிழக்குப் பக்கத்துக் கிளைகளில் இலை வெளுத்துத் தொங்க ஆரம்பித்தது, இப்போது அந்தப் பக்கம் இரண்டு கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வருகிறது. மேற்குப் பக்கம் இன்னும் பச்சையாக இருக்கிறது. உரக்கடையில் படம் காட்டிக் கேட்டதற்கு கார்பென்டசிம் என்கிற பூஞ்சணக்கொல்லிப் பொட்டலமும் யூரியாவும் கொடுத்தார்கள், இன்னும் எதையும் போடவில்லை. கீழ் வீட்டுத் தாத்தா பிரதோஷத்துக்கு இந்த மரத்துப் பூவைத்தான் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று காத்திருக்கிறார். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பசுந்தழை (மதுரை)

பயப்படாதீங்க அக்கா. சரக்கொன்றை மாசி, பங்குனியில் இலை உதிர்க்கிற மரம்தானே, சில இடத்தில் தை கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிறது, வருஷா வருஷம் மொட்டையாக நின்றுவிட்டு சித்திரையில் மஞ்சளாகக் கொட்டும். உதிரும் நேரத்து இலையாக இருக்கப் போகிறது.

வேர்ப்பிடி (உடுமலை)

பருவத்து உதிர்வு இப்படி வராது. அப்போது மரம் முழுக்க ஒரே சீராக மஞ்சளாகி, லேசாகக் காற்றடித்தாலே கொட்டும், குச்சி மட்டும் உயிரோடு இருக்கும். இங்கே ஒரு பக்கம் மட்டும் காய்கிறது, இலை உதிராமல் தொங்குகிறது, நுனி கறுத்துக் கீழே இறங்குகிறது என்கிறார். இலை தானாக உதிர வேண்டுமானால் காம்படியில் மரம் ஒரு வேலை செய்தாக வேண்டும். அதைச் செய்யக்கூடத் தெம்பில்லாமல் கிளை செத்தால்தான் இலை ஒட்டிக்கொண்டே காயும்.

அம்மா, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கறுத்த கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையா பழுப்பா என்று. அடிமரத்தில் எங்காவது துளையும் மரத்தூளும் தெரிகிறதா பாருங்கள், இருந்தால் தண்டுதுளைப்பான். முக்கியமாக, மரத்தடியில் மண்ணைக் கையால் விலக்கி, தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் வரை தோண்டிப் படம் போடுங்கள். மண்வெட்டி வேண்டாம், சின்னக் கொத்து, அதுவும் மரத்துக்குப் பக்கத்தில் வந்தால் கை மட்டும்.

கார்பென்டசிம், யூரியா இரண்டையும் அப்படியே எடுத்து வையுங்கள்.

மண்புழு77 (தஞ்சாவூர்)

ரசாயனமே வேண்டாங்க. 30 மில்லி பஞ்சகவ்யத்தை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து வாரம் ஒரு தடவை வேரிலும் இலையிலும் கொடுங்கள், கூடவே மீன் அமிலம். மண்ணில் உயிர் வந்தால் மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். நான் பல மரங்களுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறேன்.

நிழல்தரு (தாம்பரம்)

மண்புழு அண்ணே, பஞ்சகவ்யத்தின் மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு, ஆனால் இப்போது வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. வேலை செய்கிற வேர் இருந்தால்தானே ஊட்டத்தை எடுக்கும்? வேரே அழுகிக்கொண்டிருக்கிற மரத்துக்கு யூரியாவோ மீன் அமிலமோ ஊற்றுவது காய்ச்சலில் கிடப்பவருக்குக் கல்யாண விருந்து பரிமாறுவது மாதிரி. யூரியா கூடுதல் ஆபத்து, மிச்சமிருக்கிற கொஞ்ச வேரையும் உப்பு சுட்டுவிடும். தப்பித்தவறி ஏறினாலும், தாங்க முடியாத அளவுக்கு இளந்தளிரை இழுத்துவிட்டு மரத்தின் சேமிப்பைக் காலி செய்யும்.

நான் பள்ளிக்கரணை பக்கம் மரம் நடும் குழுவில் இருக்கிறேன். மடிப்பாக்கம் மண் எப்படி என்று தெரியும். மேலே கட்டடக் கழிவும் செம்மண்ணும் போட்டு மேடாக்கியிருப்பார்கள், ஒரு முழம் கீழே போனால் சதுப்புக் களிமண். அதில் குழி தோண்டி நட்டால் சுற்றிலும் தண்ணீர் இறங்காத சட்டியாகிவிடும். தெரு காய்ந்து பல நாளான பிறகும் குழிக்குள் தண்ணீர் நிற்கும். சரக்கொன்றை வறட்சியை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், தேங்குகிற தண்ணீரைத் தாங்காது.

கொன்றைவீதி

தோண்டிப் பார்த்தேன், படங்கள் கீழே. துளையோ மரத்தூளோ இல்லை. கறுத்த இரண்டு கிளையிலும் சுரண்டினால் நுனியிலிருந்து பாதி வரை பழுப்பு, அதற்குக் கீழே பச்சை தெரிகிறது. மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு விலக்கிய பிறகுதான் வேர் பிரியும் இடமே வந்தது. கிழக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இருந்த பட்டை ஒரு உள்ளங்கை அளவுக்குக் கரும்பழுப்பாக, ஈரமாக இருக்கிறது, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது, புளித்த வாடை. அதன் மேல் விளிம்பில் பிசின் போல ஏதோ கசிந்து உறைந்திருக்கிறது. மேற்குப் பக்கம் பட்டை கெட்டியாக இருக்கிறது. இன்னொன்று, ஒரு விரல் தடிமன் வேர் தண்டைச் சுற்றி அரைவட்டமாக வளைந்து ஒட்டிக்கொண்டு போகிறது.

சொல்ல மறந்தது: கீழ் வீட்டுத் தாத்தா தினமும் காலையில் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினில் வீணாகும் தண்ணீரை ஒரு வாளி கொண்டுவந்து இதற்குத்தான் ஊற்றுகிறார்.

வேர்ப்பிடி

படம் பார்த்தேன். இது கழுத்தழுகல். கிழக்குப் பக்கத்தில் அடிப்பட்டை அழுகியதால் அந்தப் பக்கத்து வேருக்கும் கிளைக்கும் போக்குவரத்து அறுந்துவிட்டது, அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் காய்கிறது. தண்ணீர் தேங்கிய இடத்தில் அடிமரம் இப்படி அழுகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பைட்டோப்தோரா என்கிற கிருமி. பார்வைக்குப் பூஞ்சணம் மாதிரி இருந்தாலும் அது உண்மையான பூஞ்சணம் இல்லை, பழுப்புக் கடற்பாசிகளுக்கு நெருங்கிய உறவு, அதன் செல் சுவரே வேறு மாதிரி. அதன் வித்துகள் வால் முளைத்தவை, மண்ணில் நிற்கும் தண்ணீரில் நீந்திப் போய் வேரைத் தொடும். அதனால்தான் உங்கள் கடைக்காரர் கொடுத்த கார்பென்டசிம் இதற்கு வேலை செய்யாது. அவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை, எல்லா நோய்க்கும் அதைக் கொடுத்தே பழகிவிட்டது.

நல்ல செய்தி என்னவென்றால் அழுகல் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குள்தான் தெரிகிறது. பாதிக்கு மேல் போயிருந்தால் நானே பிடுங்கிவிடச் சொல்லியிருப்பேன்.

முதல் வேலை, தோண்டிய மண்ணைத் திரும்பப் போட்டு மூடாதீர்கள். வேர் பிரியும் இடம் வெளியே தெரிய வேண்டும், அதுதான் மரத்தின் இயல்பான தரைமட்டம். ஒரு சாண் மண்ணுக்குள் புதைந்த பட்டை எப்போதும் ஈரத்திலேயே இருக்கும். வேருக்கு உண்டான தோல் வேறு, தண்டுக்கு உண்டான பட்டை வேறு. சும்மா திறந்து விட்டு வெயிலும் காற்றும் பட வைத்தாலே அழுகல் பாதி நிற்கும்.

அப்புறம் கூரான கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு அழுகிய பட்டையை மட்டும் செதுக்கி எடுங்கள். நல்ல பட்டையின் விளிம்பு வெளிர் நிறத்தில், ஈரமாக, வாடையில்லாமல் தெரியும், அங்கே நிறுத்திவிட வேண்டும். மரக்கட்டையைச் செதுக்கக் கூடாது. செதுக்கியதைச் செய்தித்தாளில் பிடித்துக் குப்பையில் போடுங்கள், மரத்தடியில் விடாதீர்கள். ஒரு நாள் காய விட்டு போர்டோ பசை பூசுங்கள்.

செங்காட்டான் (விழுப்புரம்)

போர்டோ பசை செய்வது பற்றி நான் சொல்கிறேன், முந்திரிக்கும் எலுமிச்சைக்கும் வருஷம் தவறாமல் செய்கிறோம். 100 கிராம் மயில்துத்தம் (செம்பு கலந்த காப்பர் சல்பேட்), 100 கிராம் கற்சுண்ணாம்பு, 1 லிட்டர் தண்ணீர். கற்சுண்ணாம்பு என்றால் நீற்றாத சுண்ணாம்பு, தண்ணீர் பட்டதும் கொதித்துப் பொரிய வேண்டும். பாக்கெட்டில் நீற்றித் தூளாக விற்பது பழசாகியிருந்தால் வேலைக்கு ஆகாது. மயில்துத்தத்தைத் தட்டிப் பொடியாக்கி அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் மக்கில் கரைத்து வையுங்கள், கரைய நேரம் எடுக்கும், ராத்திரியே போட்டுவிடலாம். சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் நீற்றி, ஆறவிட்டு, வடிகட்டுங்கள். சூடு இருக்கும்போது கலக்கவே கூடாது. பிறகு துத்தநீரைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குச்சியால் கலக்குங்கள், வானநீலத்தில் தயிர்ப்பதமாக வரும். இரும்புப் பாத்திரம் கூடாது.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு பளபளப்பான ஆணியைச் சற்று நேரம் அதில் வைத்து எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, மரத்தைச் சுடும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேருங்கள். படியாவிட்டால் சரி. செய்த அன்றே பிரஷ்ஷால் பூசிவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் சக்தி போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தெரு நாய் நக்காதபடி காயும் வரை ஏதாவது மறைப்பு கட்டுங்கள்.

ஒரு சங்கதி: பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க இப்படித் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை மில்லார்டே என்கிற பேராசிரியர் கவனித்து 1885இல் வெளியிட்டார். பேர் வந்த கதை அதுதான்.

மண்புழு77

செம்பு மண்ணுக்குப் போனால் மண்புழுவுக்கு ஆகாதே?

செங்காட்டான்

அண்ணன் சொல்வது சரி. அதனால்தான் பூசச் சொல்கிறேன், மண்ணில் ஊற்றச் சொல்லவில்லை. காயத்தின் மேலும் அதைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கும் பூசினால் போதும்.

நிழல்தரு

வேருக்கு டிரைக்கோடெர்மா விரிடி கொடுக்கலாம், அதுவும் பூஞ்சணம்தான் ஆனால் அழுகல் பூஞ்சணங்களைத் தின்கிற ரகம். நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு கூடையில் ஒரு கைப்பிடி கலந்து, தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் ஒரு வாரம் போல வைத்தால் வெண்மையும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும். அதை மரத்தைச் சுற்றி, தண்டில் படாமல், தள்ளி மண்ணில் கலந்துவிடுங்கள். ஆனால் செம்பு பூசிய உடனே போடாதீர்கள், செம்பு இதையும் கொல்லும், இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். வாங்கும்போது பாக்கெட்டில் காலாவதி தேதி பாருங்கள். உயிருள்ள பொருள், கடையில் வெயிலில் அடுக்கி வைத்திருந்தால் வாங்காதீர்கள்.

மெட்டலாக்சில், மான்கோசெப் கலந்த மருந்து 1 லிட்டருக்கு 2 கிராம் வீதம் வேரில் ஊற்றுவதும் உண்டு, பைட்டோப்தோராவுக்கு உண்மையில் வேலை செய்கிற மருந்து அது. அழுகல் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அதற்குப் போகலாம், ஊற்றினால் டிரைக்கோடெர்மாவைத் தள்ளிப் போட வேண்டும்.

எதைச் செய்தாலும் தண்ணீர் வடியாமல் பயனில்லை. சாலைப் பக்கம் மழைநீர் வடிகால் எவ்வளவு தூரம்? தாத்தா ஊற்றுகிற தண்ணீரை உடனே நிறுத்துங்கள். சுத்திகரிப்பு மெஷின் தள்ளுகிற தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும், சென்னை நிலத்தடி நீர் போகும் வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஏசி தண்ணீர் என்றால் பரவாயில்லை, அதில் உப்பு இல்லை.

கொன்றைவீதி

வடிகால் பத்தடி தூரம்தான், ஆனால் நடுவில் நடைபாதைக் கல் பதித்திருக்கிறது. மரத்தை ஒட்டி இரண்டு வரிசைக் கல்லை எடுத்துவிட்டு வாய்க்கால் வெட்ட எதிர்வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள்.

தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவருக்கு எண்பது வயது, காலையில் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் அவருக்கு நாள் ஆரம்பம். "உங்க தண்ணிதான் மரத்தைக் கெடுக்குது" என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்வதும் நியாயம் இல்லை, வெள்ளம் வந்தது அவரால் இல்லை.

வேர்ப்பிடி

சொல்ல வேண்டாம். அவருக்கு வேறு வேலை கொடுங்கள். ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி ஒன்று கொடுத்து, காலையில் மரத்திலிருந்து இரண்டடி தள்ளி மண்ணில் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். கம்பியில் மண் ஒட்டி ஈரமாக வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது, காய்ந்து வந்தால் ஒரு குடம். களிமண்ணில் மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், கீழே சேறாக இருக்கும், கண்ணால் பார்த்தால் ஏமாறுவோம். மரத்தை உண்மையில் கவனிக்கிறவர் அவர்தான், அவரை விலக்கிவிடாதீர்கள்.

தண்டைச் சுற்றின வேரைப் பற்றி: அது பாலித்தீன் பையிலேயே வளைந்து வளர்ந்தது. நர்சரியில் கன்று அதிக நாள் பையில் நின்றால் வேர் போக இடமில்லாமல் சுற்றும், நடும்போது பிரித்து விட வேண்டும் அல்லது அந்த வளையத்தை வெட்டிவிட வேண்டும். நான் விற்கிற கன்றுகளில் பையின் அடியில் வேர் திரண்டு வந்திருந்தால் வாங்குபவரிடமே சொல்லிவிடுவேன். உங்கள் மரத்தில் அது மேற்குப் பக்கமாகப் போகிறது, அந்தப் பக்கத்து வேரைத்தான் மரம் இப்போது நம்பி நிற்கிறது. அதனால் இன்றைக்கு வெட்ட வேண்டாம். மரம் தெளிந்து ஒரு தளிர் வந்து முற்றிய பிறகு, தண்டை நெரிக்கிற இடத்தில் ஒரு துண்டு மட்டும் ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடலாம்.

பசுந்தழை

காய்ந்த கிளையை இப்போதே வெட்டிவிடலாமா அண்ணா? நோய் கீழே இறங்கிவிடாதா?

வேர்ப்பிடி

பழுப்பாகிப் போனதை மட்டும் வெட்டலாம், பச்சை ஆரம்பிக்கிற இடத்துக்கு இரண்டு விரல் கீழே, ஒரு மொட்டுக்கு மேலாக. வெட்டு வாயில் அதே பசை. "வேர் குறைந்துவிட்டது, மேலேயும் குறைத்துவிடுவோம்" என்று நல்ல கிளையையும் கழிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். மிச்சமிருக்கிற இலைதான் புது வேருக்குச் சமைத்துப் போடுகிறது.

இலை குறைந்து நிற்கும் மரத்துக்குத் தண்டில் வெயில் நேராக அடிக்கும். மேற்குப் பக்கத்துக்கு நீற்றிய சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து அடியுங்கள், பட்டை வெடிக்காமல் இருக்கும். சாலை மரங்களுக்குச் செங்காவியும் வெள்ளையும் அடிப்பதைப் பார்த்துவிட்டு அதுவே நோய்க்கு மருந்து என்று சிலர் நினைக்கிறார்கள், அழுகிய பட்டையை அது ஆற்றாது.

கொன்றைவீதி

மாசி நிலவரம் சொல்கிறேன். வாய்க்கால் வெட்டி உடைத்த ஜல்லி நிரப்பியாயிற்று. பட்டை செதுக்கும்போது செங்காட்டான் ஐயா சொன்ன ஆணிச் சோதனை செய்தோம், முதல் முறை ஆணி செம்பாகத்தான் வந்தது, சுண்ணாம்பு சேர்த்த பிறகு சரியானது. செதுக்கின இடம் காய்ந்து கெட்டியாகி இருக்கிறது, புளித்த வாடை போய்விட்டது. ஆனால் மேற்குப் பக்கமும் இப்போது இலை கொட்டுகிறது. தாத்தா மிகவும் கலங்கிப்போயிருக்கிறார்.

நிழல்தரு

எப்படிக் கொட்டுகிறது? மஞ்சளாகித் தொட்டால் உதிர்கிறதா, காய்ந்து தொங்குகிறதா? குச்சி சுரண்டினால் பச்சையா?

கொன்றைவீதி

மஞ்சளாகித் தொட்டாலே உதிர்கிறது. குச்சியில் நல்ல பச்சை. காம்படியில் சின்ன மொட்டுகள் கெட்டியாக இருக்கின்றன.

நிழல்தரு

அப்படியென்றால் இது பசுந்தழை முதலில் சொன்ன உதிர்வுதான், காலம் தவறாமல் வந்திருக்கிறது. தாத்தாவிடம் சொல்லுங்கள், மரம் காலண்டர் பார்க்கிற தெம்போடு இருக்கிறது. இப்போது மக்கிய இலைச் சருகை இரண்டு அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள், தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக விட்டு. இரும்புக் கூண்டின் கட்டுக்கம்பி பட்டையில் அழுந்துகிறதா என்றும் பாருங்கள், படத்தில் இடது பக்கம் உரசுகிற மாதிரி தெரிகிறது.

கொன்றைவீதி

சித்திரை கடைசி. தளிர் வந்துவிட்டது! மேற்குப் பக்கம் முழுக்கச் செம்பு நிறத்தில் தளிர்த்து இப்போது பச்சையாகிறது, கிழக்குப் பக்கம் வெட்டிய கிளைகளுக்குக் கீழே ஆறேழு இடத்தில் முளைத்திருக்கிறது. செதுக்கின காயத்தின் விளிம்பில் பட்டை உருண்டு உள்பக்கமாக வளர்கிறது, தடவினால் வழவழப்பாக ஒரு வரம்பு தெரிகிறது. டிரைக்கோடெர்மா தொழு உரமும் போட்டாயிற்று. ஆனால் தளிரைப் பச்சைப் புழு அரித்துத் தின்கிறது, வேப்பெண்ணெய் அடிக்கலாமா? மேல் கிளையில் ஒரு சின்னப் பூச்சரமும் வந்திருக்கிறது.

மண்புழு77

மிகவும் சந்தோஷம்மா. அந்தப் புழு வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சியுடையது, கொன்றை வகை மரங்களில்தான் முட்டை வைக்கும். நல்ல மரத்தில் என்றால் விட்டுவிடச் சொல்வேன், தின்றாலும் மறுபடி தளிர்த்துவிடும். இந்த வருஷம் உங்கள் மரத்துக்கு ஒவ்வொரு இலையும் தேவை, ஆகவே கையால் எடுத்துப் பக்கத்துப் பெரிய கொன்றையிலோ ஆவாரையிலோ விட்டுவிடுங்கள், எண்ணெய் தேவைப்படாது. இலை முற்றியதும் பஞ்சகவ்யத்தை நான் சொன்ன அளவில் இலைக்குத் தெளிக்கலாம், இப்போது நிழல்தருவும் ஒத்துக்கொள்வார்.

நிழல்தரு

முழு மனதாக ஒத்துக்கொள்கிறேன் அண்ணே.

வேர்ப்பிடி

பூவை விடுங்கள், பிரதோஷத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். காய் மட்டும் பிடிக்க விடாதீர்கள். சரக்கொன்றைக் காய் ஒரு முழம் நீளம் வரும், அதை முற்ற வைக்க மரம் மாதக்கணக்கில் உழைக்கும், இந்த வருஷம் அந்த உழைப்பு வேருக்குப் போக வேண்டும். பிஞ்சு விரல் நீளம் வந்ததுமே நறுக்கிவிடுங்கள். புரட்டாசிக் கடைசியில் மூடாக்கை ஒதுக்கி வைத்து, ஜல்லி வாய்க்காலில் மண் அடைத்திருந்தால் வாரிவிட்டு, காயத்தின் மேல் இன்னொரு பூச்சு போர்டோ பசை. மழை நேரத்தில் அடிப்பட்டையை வாரம் ஒரு முறை விரலால் அழுத்திப் பாருங்கள், எங்காவது மெத்தென்று இருந்தால் செதுக்கின பட்டைத் துண்டையும் கொஞ்சம் வேரையும் மண்ணையும் காகித உறையில் போட்டு, அன்றே பக்கத்து வேளாண் அறிவியல் மையத்துக்கு எடுத்துப் போங்கள். கெட்டுப்போன பகுதி மட்டும் போதாது, நல்ல பட்டையும் அழுகலும் சந்திக்கிற விளிம்பு அந்தத் துண்டில் இருக்க வேண்டும், அங்கேதான் கிருமி உயிரோடு கிடைக்கும்.

கொன்றைவீதி

சரி ஐயா. பிஞ்சு நறுக்குகிற வேலையைத் தாத்தாவின் பேரனிடம் ஒப்படைத்திருக்கிறேன், அவன் கைக்கு எட்டும் உயரத்தில்தான் சரம் இருக்கிறது. புரட்டாசியில் படத்தோடு வருகிறேன்.